மூத்தவள் பக்கத்தில் ஒரு துண்டுக்கல்

உயிரோடு இருக்கிற ஒருத்தி மேல் பொறாமைப்பட்டால் ஒரு வசதி உண்டு. அவளுக்கும் பல்வலி வரும், அவள் வைத்த குழம்பிலும் ஒரு நாள் உப்பு கூடிப்போகும், அவளும் நாற்பது வயதில் பருத்துப் போவாள். பார்த்துப் பார்த்து மனசை ஆற்றிக்கொள்ளலாம். செத்துப்போனவளிடம் அந்த வசதி கிடையாது. என் வீட்டுக்காரரின் முதல் மனைவி இருபத்திரண்டு வயதில் போய்விட்டாள். நான் இருபத்தேழு வயதில் அவருக்கு இரண்டாம் தாரமாக வந்தேன். எனக்கு வருஷத்துக்கு ஒரு வயது ஏறிக்கொண்டே இருந்தது. அவள் இருபத்திரண்டிலேயே நின்றுகொண்டாள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "செத்தவளோட சண்ட போடாத புள்ள. அவ பக்கத்துப் பேச்சையும் நீதான் பேசணும். தொண்ட வத்திப் போவும்." நான் அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். அந்தப் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அப்புறம் மளிகை கட்டி வந்த காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்துத்தான் எழுத்து கைக்கு வந்தது. யாராவது வாயில் நல்ல பேச்சு விழுந்தால் விட மாட்டேன். ஆனால் எழுதி வைத்தேனே தவிர, அவள் சொன்னபடி கேட்கவில்லை. மூன்று வருஷம் இரண்டு பேருக்கும் சேர்த்து நானேதான் பேசினேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் மொரப்பூரில் ரயில்வே கேங்மேன். விடிந்தும் விடியாமல் சம்மட்டியும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு போனால், மத்தியானம் கழித்துத்தான் வருவார். வந்து சாப்பிடுவார். ‘இன்னும் கொஞ்சம் ரசம்’ என்பதுதான் அன்றைய பேச்சாக இருக்கும். எனக்கு வாயை மூடினால் தூக்கம் வந்துவிடும். அவருக்கு வாயைத் திறந்தால் தூக்கம் வந்துவிடும். அப்படி ஒரு ஜோடி.

எங்கள் குடும்பம் அரூர்ப் பக்கம். அப்பா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்கள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பிகளை ஆளாக்கி முடிக்கும்வரை எனக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. பெண் கேட்டு வந்தது என் வீட்டுக்காரருடைய அக்காள். "மூத்தது காமாலைல போயிருச்சுங்க. மூணே நாளு. புள்ளகுட்டி ஒண்ணும் இல்ல, உங்க பொண்ணுக்கு ஒரு தொந்தரவும் இல்லைங்க" என்றார். அப்பா சரி என்றார். நானும் சரி என்றேன். தொந்தரவு வேறு பக்கமிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் பக்கத்தில், இரண்டாவதாக வருகிறவளை மூத்தவளின் பெற்றோர் தங்கள் மகளாகவே வைத்துக்கொள்வார்கள். சில பேர் வாய்வார்த்தைக்குச் செய்வார்கள். மூத்தவளின் அம்மா மனசாரச் செய்தார். கம்பைநல்லூரிலிருந்து மூன்று கல் தள்ளி அவர் ஊர். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து, என் தாடையைப் பிடித்துப் பார்த்து, "இனிமே எனக்கு ஒடம்புக்கு முடியலன்னா நீதான் கண்ணு வந்து பாக்கணும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் தெரியாதுன்னு சொல்லக்கூடாது" என்றார். தாயில்லாமல் வளர்ந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அங்கேதான் சிக்கல். அம்மாவைப் பிடிக்கும், மகளைப் பிடிக்காது. அம்மாவோ வாயைத் திறந்தால் மகளைப் பற்றித்தான் பேசுவார். எப்படிப் பாடுவாள், எப்படிப் பின்னல் போடுவாள், பூசணிக்காய்க் கூட்டு எப்படி வைப்பாள் என்று. நான் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டு உள்ளே வெந்துகொண்டிருப்பேன்.

கல்யாணமான வருஷம் ஈஸ்டருக்கு அந்த ஊருக்குப் போனோம். அங்கே ஒரு வழக்கம். சனிக்கிழமை பெண்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துப் பூப்போட்டு வைப்பார்கள். ஞாயிறு கிழக்கு வெளுக்கும்போது சபையார் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கே போய்ப் பாடி, ஜெபம் பண்ணி, அங்கே படுத்திருக்கிறவர்களின் பெயர்களை ஒன்று விடாமல் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயரும் வாசிக்கும்போது அந்த வீட்டார் ‘ஆமென்’ சொல்ல வேண்டும். கடைசி நாளில் செத்தவர்களை எழுப்ப எக்காளம் ஊதும்போது இந்தப் பெயர்களைத்தானே கூப்பிடப் போகிறார்கள், அதற்கு இது ஒரு ஒத்திகை.

அந்தத் தோட்டம் ஒரு மேட்டின் மேல் இருந்தது. எங்கே தோண்டினாலும் ஒரு சாணில் பாறை முட்டும். கிழக்கு ஓரம் ஒரே ஒரு பட்டை மட்டும் நல்ல மண். அதனால் கல்லறைகள் எல்லாம் அங்கேயே நெருக்கியடித்துக் கிடந்தன. நடுநடுவே வெள்ளையடிக்காத சின்னக் கற்கள் நட்டிருந்தன. என் பக்கத்தில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெண்ணிடம் கேட்டேன்.

"இதென்னங்க, அங்கங்க மொட்டக் கல்லு?"

"அதுவா? துண்டுக்கல்லு. பஸ்ஸு வந்து நிக்கறதுக்குள்ள சன்னல்ல துண்டப் போட்டு எடம் புடிக்கிறோமில்ல, அந்த மாதிரி. புருசன் போனா பொண்டாட்டி தனக்கு ஒரு கல்லு நட்டு வெச்சிக்கும். பொண்டாட்டி போனா புருசன். இல்லாட்டி கடைசில பாறை மேலதான் படுக்கணும்."

"வெள்ள அடிக்க மாட்டாங்களா?"

"ஆளு வந்தாத்தான் வெள்ள. வெள்ள அடிச்சிட்டா அப்பறம் எந்திரிச்சு எடம் குடுன்னு கேக்க முடியாதே." அவள் சுண்ணாம்படிக்கிற மட்டையால் ஒரு கல்லைக் காட்டினாள். "அது எங்க மாமியா கல்லு. நட்டு வெச்சுப் பதினெட்டு வருசமாச்சு. வருசா வருசம் வந்து, ‘கல்லு இருக்குதா, எவனும் புடுங்கலையே’ன்னு கேட்டுட்டு, வூட்டுக்குப் போயி ரெண்டு ஆளு சாப்பாடு சாப்புடுது."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூத்தவளின் கல்லறைப் பக்கம் திரும்பினேன். அவள் வலக்கைப் பக்கம் ஒரு கல் நட்டிருந்தது. கருங்கல். ஒரு தேங்காயை நிறுத்தி வைத்த உயரம். வெள்ளையடிக்காதது.

மறுநாள் காலை ஆராதனையில் என் வீட்டுக்காரரைக் கவனித்தேன். எல்லோரும் சிலுவையைப் பார்த்துப் பாடிக்கொண்டிருக்க, அவர் கண் அந்தக் கல் மேலேயே இருந்தது. சரிதான், தான் படுக்கப் போகிற இடத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது.

எங்கள் ஆட்களை மேற்கே தலைவைத்துப் படுக்க வைப்பார்கள். எழுந்து உட்கார்ந்தால் முகம் கிழக்கே இருக்கும். எக்காளம் ஊதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் எழுந்து உட்காருவார்கள். மண்ணைத் தட்டுவார்கள். அவர் இந்தப் பக்கம் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது அவள்தான், அதுவும் இருபத்திரண்டு வயதில், தலையில் பூவோடு. நான் எங்கே இருப்பேன்? மொரப்பூரில் ஏதாவது ஒரு மூலையில். அங்கிருந்து எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, கம்பைநல்லூர் பஸ்ஸைப் பிடித்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உயிர்த்தெழுதலை நான் அவ்வளவு உறுதியாக நம்பினேன். நம்பாதவளாக இருந்திருந்தால் இந்த வேதனையே இல்லை.

மொரப்பூர் சபைக்கும் அந்த ஊர்ச் சபைக்கும் ஒரே உபதேசியார்தான், சைக்கிளில் வந்து போவார். ஊருக்குப் புதியவர், மூத்தவள் போனதற்கு அப்புறம் மாற்றலாகி வந்தவர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து பெஞ்சுகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"ஐயா, ரெண்டு தாரம் கட்டுன மனுசரு உயிர்த்தெழும்போது யாரோட வூட்டுக்காரரா எந்திரிப்பாருங்க?"

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். "அங்க கல்யாணம், கட்டிக்குடுக்கறது எல்லாம் இல்லம்மா. தேவதூதர்கள மாதிரி இருப்பாங்க."

"அப்ப சோறு யாருங்க ஆக்கறது?"

"பசியே இருக்காதே."

"துணி தொவைக்கிறது?"

"அழுக்கே இருக்காதும்மா."

"அப்ப நான் எதுக்குங்க அங்க?"

இப்போது சிரித்துவிட்டார். "நீ ஒண்ணுத்துக்கும் இல்ல. அதாம்மா விசேசம். வேல செஞ்சு வாங்கற கூலி இல்ல அது. நித்திய ஜீவன்ங்கறது இனாம். சும்மா குடுக்கறாரு, சும்மா கை நீட்டி வாங்கிக்க வேண்டியதுதான்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோவிலை வாரத்துக்கு இரண்டு தரம் பெருக்குகிறவள் நான். பூச்சாடிக்கும் கை கழுவவும் தண்ணீர் கொண்டுவருகிறவள் நான். ஞாயிறு பள்ளியில் மூக்கொழுகும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இதெல்லாம் எங்கோ ஒரு பக்கம் சேர்ந்துகொண்டிருக்கிறது, அந்த நாளில் மூத்தவளைவிட ஒரு படி முன்னால் என்னை நிறுத்தும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் என்ன செய்தாள்? பாடினாள், பூசணிக்காய்க் கூட்டு வைத்தாள், போய்விட்டாள். அவளுக்கும் எனக்கும் ஒரே அளவா?

"இனாம்னா எனக்கு நம்பிக்க இல்லைங்க ஐயா. பொங்கலுக்கு இனாமாக் குடுத்த சேலைக்கே ரேஷன் கார்டு கேட்டாங்க. வரிசைல நின்னு எனக்குக் காலு வீங்கிப் போச்சு."

"இதுக்குக் கார்டும் இல்ல, வரிசையும் இல்ல" என்றார்.

வரிசை இல்லை என்றதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வரிசை இருந்தாலாவது முந்தி நிற்கலாம்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. எனக்கு வயிறும் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். வீட்டுக்காரர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததையும் நான் மூத்தவளின் கணக்கிலேயே சேர்த்தேன். அவருக்கு என்னிடத்தில் பிள்ளை வேண்டும் என்றே தோன்றவில்லை போலும் என்று.

மூன்றாவது ஈஸ்டருக்கு அவருக்குச் சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நீ முன்னால் போ என்றார். நான் ஒரு பை சுண்ணாம்போடு போனேன். மூத்தவளின் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

"மேடு ஏற முடியல கண்ணு. இந்த வருசம் நீயே போயி அடிச்சுட்டு வந்துரு. அவ தலமாட்டுல மட்டும் ரெண்டு கோட்டிங்கா அடி, மழைல உரிஞ்சு கெடக்குது."

அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அந்த அம்மா கூடவே இருந்தார். இந்த முறை நான் மட்டும். மற்றப் பெண்கள் காலையிலேயே முடித்துவிட்டு இறங்கியிருந்தார்கள். நான் சிலுவைக்கு அடித்தேன், தலைமாட்டுக்கு இரண்டு தரம் அடித்தேன், சுற்றிலும் புல் பிடுங்கினேன். பிடுங்கிக்கொண்டே வந்த கை அந்தக் கல்லண்டை வந்து நின்றது.

யாரும் இல்லை. கல்லை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. வேலியோரம் கிடந்த ஒரு கட்டையால் சுற்றிலும் தோண்டினேன். மேலே தெரிந்ததைவிட இரண்டு மடங்கு கீழே இருந்தது. அடியில் சின்னச் சின்ன ஜல்லியாகப் பொறுக்கிச் சுற்றிலும் இறுக்கி வைத்திருந்தது. தண்டவாளத்துக்குக் கீழே கிடக்குமே, அந்த ஜல்லி. அவர் கைவேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஒரு இடம் பிடிக்கிறதுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது. பிடுங்கினேன். தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் குவிந்து கிடந்த கற்களோடு போட்டேன். குழியைக் கையால் மூடி, காலால் மிதித்து, மேலே காய்ந்த இலையைத் தூவினேன். எழுந்து நின்றபோது மூன்று வருஷத்தில் இல்லாத ஒரு லேசு உடம்பில். பாடிக்கொண்டே மேட்டை விட்டு இறங்கினேன் என்றால் நம்புவீர்களா?

வரும் வழியிலேயே பொய்யையும் தயார் செய்துகொண்டேன். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, தானம் மாதிரி ஒன்று. மூத்தவளின் அம்மா களி கிளறிக் கீரைக் குழம்பு வைத்திருந்தார். எனக்குப் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன்.

"அம்மா, உங்களுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்கறேன்."

"எனக்கா? என்னா கண்ணு?"

"அக்கா பக்கத்துல இருந்துச்சே, அவரோட கல்லு. அதப் புடுங்கிட்டேன். அந்த எடம் உங்களுக்குத்தான். பெத்தவங்களுக்கு மேல யாருங்க பக்கத்துல படுக்கறது? அவருக்கு நான் மொரப்பூர்லயே பாத்துக்கறேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நான் பேசிக்கறேன்."

அவர் களியைக் கிள்ளிய கை அப்படியே நின்றது.

"அவரு கல்லா? எது?"

"வலக்கைப் பக்கம் இருக்குமே, துண்டுக்கல்லு."

"அதப் புடுங்குனியா?"

"ஆமாங்கம்மா."

"எங்க போட்ட?"

"வேலியோரம்."

அவர் எழுந்தார். முழங்கால் வீக்கத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கைகூடக் கழுவவில்லை. "அது துண்டுக்கல்லு இல்ல கண்ணு" என்றார். என் பக்கம் திரும்பி, "அதுல ஆளு இருக்குது" என்றார்.

அப்புறம் சொன்னார், நின்றபடியே. காமாலை இல்லை. பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் அவள். இரண்டு நாள் வலி. ஆண்பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம் இருந்தது. அது போய், பொழுது சாய்வதற்குள் அவளும் போனாள். பிரசவத்தில் போனவள் என்று தெரிந்தால் அடுத்து யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று என் வீட்டுக்காரருடைய அக்காள் காமாலை என்று சொல்லிவிட்டார். அப்புறம் நான் வந்தேன். எனக்குப் பிள்ளை உண்டாகவில்லை. "பெத்துக்காத புள்ளகிட்டப் போயி, உனக்கு முன்னால இவனுக்கு ஒரு புள்ள இருந்துச்சுன்னு எப்பிடிச் சொல்லுவேன்? அவனும் சொல்ல வேண்டாம்னுட்டான். ஊருக்கெல்லாம் நான்தான் வாயக் கட்டி வெச்சேன்."

இதைக் கேட்டதும் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது இரக்கம் இல்லை. ‘அதையும் அவளே முந்திக்கொண்டாளா’ என்பதுதான் முதலில் வந்தது. ஒரு கணம்தான், ஆனால் வந்தது. அதற்கு அடுத்துத்தான் என் காலால் மிதித்து மூடிய மண் ஞாபகம் வந்தது.

இரண்டு பேரும் மேடு ஏறினோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறினார். திட்டவே இல்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது. வேலியோரக் குவியலில் எல்லாக் கல்லும் கருங்கல்தான். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, அவர் இல்லை இல்லை என்று தலையாட்டினார். ஆறாவதோ ஏழாவதோ, அடியில் ஈரமண் ஒட்டிய ஒன்றைக் காட்டியபோது கையை நீட்டினார்.

இடம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நான்தான் சுத்தமாக மூடி இலை தூவியிருந்தேனே. அவர் மகளின் சிலுவை அடியில் உட்கார்ந்து, அங்கிருந்து தன் முழங்கையால் அளந்துகொண்டே வந்தார். ஒன்று, இரண்டு, இரண்டரை. "இங்க. அவ கைமாட்டுல. அப்ப இருந்த உபதேசியார் நல்ல மனுசன். ஞானஸ்நானம் இல்லாத புள்ளைக்குத் தோட்டத்துக்குள்ள எடம் இல்லம்பாங்க. அவரு, ‘அவ கை எட்டற தூரத்துல வெச்சிரலாம், ஆனா சிலுவையும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம், நான் பாக்கல’ன்னுட்டுத் திரும்பி நின்னுகிட்டாரு. உன் வூட்டுக்காரன்தான் ரயில் லைன்ல இருந்து ஜல்லி பொறுக்கியாந்து கல்ல நட்டான்."

நான் ஜல்லியைத் திரும்பப் பொறுக்கி இறுக்கினேன். கல் நேராக நின்றது. வாளியில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. அவர் மட்டையைத் தோய்த்தார். தோய்த்துவிட்டு அடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடிக்கலாமா கண்ணு? நீ கோயில் வேலையெல்லாம் பாக்கறவ, உனக்குத் தெரியும். ஞானஸ்நானம் இல்ல. ஒரு ஜெபங்கூடச் சொல்லல. பேரு வைக்கல, அதனால ஈஸ்டரன்னிக்கு வாசிக்கிறதும் இல்ல. வருசா வருசம் எம்மவ பேரு வாசிக்கும்போது ஆமென்னு சொல்லுவேன். மனசுக்குள்ள வேற ஒரு கேள்வி இருக்கும். அன்னிக்கு எக்காளம் ஊதுனா, எம்மவ எந்திரிச்சுப் பக்கத்துல தடவுவா. இவன் எந்திரிப்பானா?"

கோவில் பெருக்கியதும் தண்ணீர் எடுத்ததும் என்னை முன்னால் நிறுத்தும் என்று இருந்தவள் நான். சும்மா கிடைப்பதை நம்ப மாட்டேன் என்று உபதேசியாரிடம் வாதாடியவள். அந்தக் கல்லுக்கு அடியில் கிடப்பவன் ஒன்றுமே செய்யவில்லை. பாடக்கூட இல்லை. நான் சேர்த்து வைத்திருந்த நியாயத்தை எடுத்து இவன் மேல் வைத்துப் பார்த்தால் அந்த அம்மா உடைந்து போவார். வேறு ஒரு நியாயமும் என்னிடம் இல்லை. உபதேசியார் சொன்னது ஒன்றுதான் இருந்தது.

"அடிங்கம்மா" என்றேன். "இனாம்னா இனாம்தாங்க. கூலியா இருந்தா இவனுக்குக் கெடைக்காது. இனாமா இருக்கங்காட்டித்தான் கெடைக்கும். எந்திரிப்பான்."

சொல்லும்போதே தெரிந்தது, இவனுக்கு அது உண்மை என்றால் எனக்கும் அதுதான். இவனுக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவு என்று கேட்க முடியாது. இரண்டு வருஷம் நான் பெருக்கியது கோவிலைச் சுத்தமாக்கியது, அவ்வளவுதான். அதற்கு மேல் அது ஒன்றுக்கும் ஆகாது. கசப்பாகத்தான் இருந்தது விழுங்க. ஆனால் அவர் அடிக்கத் தொடங்கிவிட்டார். கல்லின் நெற்றியில் ஆரம்பித்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி, மெதுவாக.

மறுநாள் விடியலில் உபதேசியார் சைக்கிளை நிறுத்துமுன்பே போய்ப் பிடித்தேன். "ஐயா, வாசிக்கிற தாள்ல ஒரு ஆளு சேக்கணுங்க."

"சொல்லும்மா, என்ன பேரு?" என்று பேனாவை எடுத்தார்.

"பேரு இல்லைங்க."

நடந்ததைச் சொன்னேன், நான் கல்லைப் பிடுங்கியது உட்பட. அவர் பேனாவை மூடி, திரும்பத் திறந்தார். "ஞானஸ்நானம் இல்ல. மேல கேட்டா நான்தாம்மா பதில் சொல்லணும்."

"கார்டும் இல்ல, வரிசையும் இல்லன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு, "இவ்வளவு சீக்கிரம் யாராவது அத எடுத்துகிட்டு வருவாங்கன்னு நெனைக்கல" என்றார்.

கிழக்கு சிவந்தபோது கூட்டம் மேட்டில் நின்றது. என் வீட்டுக்காரர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்து கடைசியில் நின்றுகொண்டார். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, பெயர்கள் வந்தன. மூத்தவளின் பெயரை வாசித்தார் உபதேசியார். அவள் அம்மா ஆமென் சொல்ல வாயெடுக்குமுன், "அவங்க மகனும்" என்றார்.

கடைசியில் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் கல் வெள்ளையாக இருப்பதையும் கண்டார். நான் என் வீட்டுக்காரர் அழுது பார்த்ததில்லை. சம்மட்டி காலில் விழுந்து நகம் பெயர்ந்தபோதுகூட ‘கொஞ்சம் மஞ்சள் கொண்டா’ என்றுதான் சொன்னார். அன்றைக்கு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நான் ஒருத்திதான் புதிது. அவர் சொல்ல முடியாத ஆமெனை அவருக்குப் பக்கத்தில் போய் நின்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு, எனக்காக இப்படி ஒரு நாள் அழுவாரா என்றும் நினைத்தேன். என் புத்தி அப்படி.

ஆராதனை முடிந்து, மூத்தவளின் அம்மா வீட்டில் காப்பி குடித்துவிட்டு நானும் அவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்காடு, காலை வெயில்.

"யாரு வாசிக்கச் சொன்னது?" என்றார்.

"நான்தான்."

"வெள்ள?"

"அம்மா அடிச்சாங்க. அதுக்கு முன்னால கல்லப் புடுங்கிப் போட்டது நானு. உங்க எடம்னு நெனச்சுப் புடுங்குனேன். நீங்க அவகிட்டப் போயிப் படுத்துக்குவீங்கன்னு."

நின்றுவிட்டார். ஏதாவது சொல்லுவார், ஏசுவார் என்று நான் தலையைக் குனிந்தேன். "நான் தண்டவாளத்துல வேல பாக்கறவன். எங்க கெடப்பேன்னு எனக்கே தெரியாது. எடம் புடிக்கிறதாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு நடந்தார். எப்போதும் தண்டவாளத்தில் கட்டைக்குக் கட்டை தாண்டுகிற மாதிரி எட்டு வைத்து முன்னால் போய்விடுகிற மனிதர், அன்றைக்கு என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார்.

எனக்கு அது போதும் என்றிருந்தது. பத்தடிதான் போதும் என்றிருந்தது. பதினோராவது அடியில் கேட்டுவிட்டேன்.

"அவகூடவும் இப்பிடித்தான் சேந்து நடப்பீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தார்.

"இல்ல. அவ எனக்கு முன்னால நடப்பா."

நான் நடையை எட்டிப் போட்டேன்.